எச்-1பி வேலை விசாவிலிருந்து மாணவர் விசாவுக்கு மாறுவது பற்றி: தோட்டத்தை அடமானம் வைத்துப் படிப்பது சரியா?

தடப்பள்ளி வாய்க்கால் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்குச் சொந்த ஊர். கோவையில் இயந்திரவியல் பொறியியல் படித்து, அங்கேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, அந்நிறுவனத்தின் மூலமாகவே எச்-1பி விசாவில் அமெரிக்காவுக்கு வந்தேன். இப்போது டெக்சாஸில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். எச்-1பிக்கு உரிய ஆறு ஆண்டுகளில் நான்கு முடிந்துவிட்டன; கையில் உள்ள ஐ-94 (தங்குவதற்கான அனுமதிப் பதிவு) அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை செல்லும். மனைவி, எச்-1பிகாரரின் துணைவருக்கான எச்-4இல் இருக்கிறார். மகளுக்கு இரண்டு வயது, இங்கே பிறந்தவள். கிரீன் கார்டுக்கான எந்த வேலையையும் நிறுவனம் இதுவரை தொடங்கவில்லை.

வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் ஏப்ரல் இறுதியோடு முடிகிறது. வேறு இடம் அமைந்தால் மாற்றுவோம், அமையாவிட்டால் கோவை அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இப்படி ஆகலாம் என்று முன்பே தோன்றியதால், ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதுகலைப் படிப்பு வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஆசை அல்ல. குடும்பச் சூழலால் இளங்கலையோடு வேலைக்குப் போனவன் நான்.

நான் அறிய விரும்புவது இதுதான். எச்-1பியிலிருந்து எஃப்-1 என்னும் மாணவர் நிலைக்கு நாட்டைவிட்டு வெளியேறாமலே மாறிக்கொள்ள முடியும் என்கிறார்கள். அப்படி மாறினால் மீதமுள்ள இரண்டு ஆண்டு எச்-1பி காலம் வீணாகிவிடுமா, அல்லது படிப்பு முடிந்தபின் எச்-1பிக்கான ஆண்டுக் குலுக்கலில் நிற்காமல் அதை எடுத்துக்கொள்ள முடியுமா? கோவையில் உள்ள ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்தார், எனக்குக் கிடைத்த பல்கலைக்கழகம் வேண்டாம், தாங்கள் சொல்லும் கல்லூரியில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே முழுநேர வேலையும் பார்க்கலாம் என்கிறார்கள், இதை நம்பலாமா?

பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணமும் குடும்பச் செலவும் சேர்த்து ஏறக்குறைய 80,000 டாலர் தேவைப்படும். சேமிப்பில் பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. அப்பா நான்கு ஏக்கர் வாய்க்கால் பாசனத் தோட்டத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது தாத்தா காலத்துப் பூமி. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நொய்யல்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. எச்-1பியிலிருந்து எஃப்-1க்குப் போய், படித்து முடித்து, மறுபடியும் எச்-1பிக்கு வந்தவன் என்பதால் எழுதுகிறேன். வழக்கறிஞர் அல்ல, எழுதுவதை ஒருமுறை வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், படிப்பதற்காகவே எஃப்-1க்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எச்-1பியில் இருப்பவர் தன் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டே எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். அதற்கு ஐ-20 என்னும் மாணவர் சேர்க்கைச் சான்று தேவையில்லை, யாரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. மாலை வகுப்பாகவோ இணையவழியாகவோ ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடங்கள் எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் முதுகலை முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதோடு டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், அங்கேயே குடியிருந்து வேலை செய்யும் எச்-1பிகாரர் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். எஃப்-1 மாணவருக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. எனவே ஏப்ரலுக்குள் வேறொரு நிறுவனம் உங்களை எடுத்துக்கொள்ளுமா என்று தேடுவதுதான் முதல் வேலை. புதிய நிறுவனம் மனுவைத் தாக்கல் செய்த உடனேயே அங்கே வேலையைத் தொடங்கிவிடலாம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒதுக்கீட்டில் எண்ணப்பட்டவர் என்பதால் குலுக்கலும் கிடையாது.

வேலை நின்றுவிட்டாலும் அன்றே மூட்டை கட்ட வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள்வரை அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிவரைதான். அந்த 60 நாளில் வேலை செய்யக் கூடாது, ஆனால் வேறு நிறுவனத்தின் வழியாக மனுச் செய்யலாம், மாணவர் நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை ஏப்ரல் முடிவதற்குள்ளேயே கொடுத்துவிடுவது நல்லது என்று பலர் சொல்வார்கள். நான் அதில் ஒரு கண்ணி இருப்பதைச் சொல்ல வேண்டும். மாற்றத்துக்கான படிவம் ஐ-539. அது ஒப்புதலான அன்றே உங்கள் நிலை எஃப்-1 ஆகிவிடும். எச்-1பி அத்துடன் முடிந்தது. வகுப்பு ஆகஸ்டில்தானே, அதுவரை வேலை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு மார்ச் மாதமே ஒப்புதல் வந்துவிட்டால், அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போவது சட்ட மீறல். விரைவுப் பரிசீலனைக்கு ஏறக்குறைய 2,000 டாலர் கூடுதலாகக் கட்டினால் 30 வேலை நாளில் முடிவு சொல்கிறார்கள் என்பதால், அதைக் கட்டும் தேதியைக் கணக்குப் பார்த்தே கட்ட வேண்டும். விண்ணப்பித்த பிறகும் ஒப்புதல் வரும்வரை பழைய வேலையைத் தொடர்வதில் தடையில்லை.

நடைமுறை சுருக்கமாக இதுதான்: பல்கலைக்கழகம் முதல் ஆண்டுச் செலவுக்கான பணச் சான்றைப் பார்த்து ஐ-20 தரும், 350 டாலர் செவிஸ் (மாணவர் பதிவு அமைப்பு) கட்டணம் கட்ட வேண்டும், பிறகு ஐ-539. இணையவழியில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். மனைவிக்கு ஐ-539ஏ சேர்க்க வேண்டும். மகள் அமெரிக்கக் குடிமகள் என்பதால் அவளுக்கு எதுவும் வேண்டாம். வகுப்பு தொடங்கும்வரை முடிவு வரவில்லை என்றால், பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலரிடம் சொல்லித் தொடக்கத் தேதியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

மீதமுள்ள இரண்டு ஆண்டு வீணாகாது. எஃப்-1இல் கழியும் காலம் எச்-1பியின் ஆறு ஆண்டில் சேராது. பிறகு ஒரு நிறுவனம் உங்களுக்காக மனுச் செய்தால், எஞ்சிய காலத்தைக் குலுக்கல் இல்லாமல் கேட்டுப் பெறலாம். இடையில் ஊருக்கு வந்துபோன நாள்களையும் அந்தக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளையும் விமானச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். இதில் 2025 செப்டம்பருக்குப் பிறகு ஒரு புதிய சிக்கல். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகத் தாக்கல் செய்யப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. நாட்டுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுவோருக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கியது. அதாவது, பட்டம் பெற்றபின் ஊருக்குத் திரும்பிவிட்டு, அங்கிருந்து எஞ்சிய காலத்தைக் கேட்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆனால் இவ்வளவையும்விட உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று. நான்கு ஆண்டு முடிந்தும் கிரீன் கார்டு வேலை தொடங்கவில்லை என்கிறீர்கள். ஆறு ஆண்டுக்கு மேல் எச்-1பியை நீட்டிக்க வேண்டுமானால், பொதுவாக ஆறாம் ஆண்டு முடிய 365 நாளுக்கு முன்பாவது, கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் (தொழிலாளர் சான்று) விண்ணப்பம் தாக்கலாகியிருக்க வேண்டும்; அதற்கு முந்தைய ஊதிய நிர்ணயமும் ஆள்தேடும் விளம்பரமும் மாதக் கணக்கில் இழுக்கும். இந்தியர்களுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் ஒரு தேதி கிடைத்துவிட்டால், பிறகு நிறுவனம் மாறினாலும் பெரும்பாலும் அது உங்களுடையதாகவே இருக்கும். புதிய நிறுவனத்திடம் பேசும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். முதுகலைப் பட்டம் நாளைக்கும் கிடைக்கும்; ஐந்தாம் ஆண்டு திரும்பி வராது.

கிரீன் கார்டு மனு இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. படித்து முடித்தபின் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்ற எண்ணம் உள்ளவருக்கே எஃப்-1. எச்-1பிக்கு அந்த நிபந்தனை இல்லை. ஐ-140 என்னும் கிரீன் கார்டு மனு ஒப்புதலாகி இருப்பவர் எஃப்-1 கேட்டால் குடியேறும் நோக்கம் ஏட்டிலேயே இருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆலோசனை நிறுவனத்தார் சொல்வதை ஒதுக்கிவிடுங்கள். எஃப்-1இல் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. பாடத்திட்டத்தோடு சேர்ந்த பயிற்சி வேலையான சிபிடி, ஓர் கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகே கிடைக்கும். உடனடிப் பயிற்சியைப் பாடத்திட்டமே கோரும் முதுகலைப் படிப்புகளுக்கு விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை வைத்துத்தான் இந்தக் கல்லூரிகள் கடை நடத்துகின்றன. அது தன்னளவில் சட்ட விரோதம் அல்ல. ஆனால் பின்னாளில் எச்-1பிக்கு மனுச் செய்யும்போது, படிப்பு உண்மையானதா, வேலைக்குப் பாடத்தோடு என்ன தொடர்பு, நேரில் வகுப்புக்குச் சென்றீர்களா என்று துருவித் துருவிக் கேட்பார்கள்; அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள், கோவை காந்திபுரத்தில் இருக்கும் ஆலோசகர் அல்ல. இன்னொன்று, முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி, அதாவது படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதி, பறிபோகும். உங்களுக்கு முறையான பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தரவு அறிவியல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வரும் வகையில் அந்த ஐ-20 இருந்தால், படிப்புக்குப் பின் 12 மாதமும் அதன்மேல் 24 மாதமும் ஆக மூன்று ஆண்டு வேலை அனுமதி கிடைக்கும். அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவது கையில் இருக்கும் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான்.


காலிங்கராயன் கரை எழுதியது:

விசா விஷயத்தில் எனக்கு அறிவு போதாது. ஈரோடு மாவட்டத்தில் வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் தந்தையார் நினைப்பதுபோல் தோட்டத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்குவது அவ்வளவு எளிதன்று. கடன் வராக்கடனானால் நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தருவது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று அதன் 31ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால்தான் ஏக்கர் கோடிக்குப் போகும் வாய்க்கால் பூமியைக் காட்டினாலும் மேலாளர் தயங்குகிறார். ஊருக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீட்டையோ, அங்கீகாரம் பெற்ற மனையையோ காட்டினால் உட்காரச் சொல்லி டீ வரவழைக்கிறார். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஈடு இல்லாமலே பெருந்தொகை தரும் திட்டங்களும் சில வங்கிகளில் உள்ளன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஈடு வைத்தே தீர வேண்டும் என்றால், நிலத்தின் மதிப்பைப் பார்ப்பதற்கு முன் பட்டாவை எடுத்துப் பாருங்கள். நம் பகுதியில் தாத்தா காலத்துப் பூமி என்றாலே பெரும்பாலும் கூட்டுப் பட்டாதான். அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப் பாகமாகப் பிரித்துக்கொண்டு, வரப்பும் கிணற்று முறையும் வைத்து நாற்பது ஆண்டு சண்டை இல்லாமல் பயிர் செய்திருப்பார்கள். ஆனால் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்காது. கிணறு பொதுவில் இருக்கும், மின் இணைப்பு காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று கேட்கத் தொடங்கியதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பங்குப் பிரச்சினை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அத்தைமாரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். ஆகஸ்ட் வகுப்புக்கு இப்போது தொடங்கினாலும் இது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. வட்டி குறைவு என்பதால் வீட்டு நகைகளை விவசாய நகைக் கடனாக வைத்து மகனின் கட்டணத்தைக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பயிர்க் கடனுக்கு ஒரு வரம்பு வரை ஏழு சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் அதிலும் மூன்று சதவீதம் தள்ளுபடி என்பதெல்லாம் உழவுக்காக அரசு தரும் மானியம். அதைக் கல்லூரிக்குத் திருப்பினால் ஆய்வில் அகப்படும்போது மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள், அடுத்த மஞ்சள் நடவுக்குக் கடன் கிடைக்காது. அப்பாவிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வங்கியின் கல்விக் கடனாக வாங்கினால் நன்மைகள் இருக்கின்றன. படிப்புக் காலமும் அதன்மேல் ஓர் ஆண்டும் அசல் கட்ட வேண்டாம். 15 ஆண்டுவரை தவணை கிடைக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, 2025 ஏப்ரல் முதல் இத்தகைய கடன் தொகைக்கு மூலத்தில் வசூலிக்கும் வரி இல்லை. சொந்தப் பணத்தை அனுப்பினால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அந்த வரி உண்டு. பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அது. உங்கள் தந்தையாரின் வருமானம் விளைச்சலில் வருவது என்றால் அதற்கு வரியே கிடையாது; வரி இல்லாதபோது கழிவு எதற்கு?


பொள்ளாச்சி தெற்கு எழுதியது:

நொய்யல்கரை அண்ணன் ஒரு வழியை விட்டுவிட்டார். கோவை அலுவலகத்துக்குத் திரும்புவதை ஏன் எல்லாரும் தோல்வியாகவே பார்க்கிறோம்? அதே நிறுவனத்தில் இந்தியாவில் தொடர்ந்து ஓர் ஆண்டு வேலை செய்தால் நிறுவனத்துக்குள் இடமாற்றத்துக்கான எல்-1 விசாவில் மறுபடி அனுப்பத் தகுதி வந்துவிடுகிறது. அமெரிக்காவுக்கு வெளியே ஓர் ஆண்டு முழுமையாக இருந்துவிட்டால் பழைய ஆண்டுக் கணக்கும் அழிந்து புதிதாகத் தொடங்கும். எல்-1க்குக் குலுக்கல் இல்லை, அந்த 1,00,000 டாலரும் இல்லை. மனைவியும் துணைவருக்கான எல்-2இல் வேலை பார்க்கலாம். அந்த ஓர் ஆண்டில் கோவையிலேயே இருந்துகொண்டு இணையவழியில் முதுகலையும் தொடங்கலாம், கடனும் வேண்டாம். சரவணம்பட்டிப் பக்கம் வந்து பார்த்தால் முன்பு இருந்த கோவை இல்லை இது என்பது தெரியும்.


உடுமலைக்காரி எழுதியது:

எல்லாரும் அண்ணாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவருடைய மனைவி என்ன படித்திருக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் எச்-4இல் வந்து, வீட்டில் உட்கார்ந்திருந்து, பிறகு படித்தவள் என்பதால் கேட்கிறேன்.

அண்ணா எஃப்-1க்கு மாறினால் மனைவி எஃப்-2 ஆகிவிடுவார். எஃப்-2இல் வேலை செய்யவே முடியாது. 2015இல் விதியைத் தளர்த்திய பிறகும் பகுதிநேரமாகத்தான் படிக்க முடியும். முழுநேரப் பட்டப் படிப்பு வேண்டுமென்றால் அவரும் தனியாக எஃப்-1 வாங்க வேண்டும். ஆனால் இன்று அவர் இருக்கும் எச்-4இல், வேறு எந்த அனுமதியும் இல்லாமல் முழுநேரமாகப் படிக்கலாம். அண்ணா வேறு நிறுவனத்தில் எச்-1பியைத் தக்கவைத்துக்கொண்டால், வீட்டில் ஒரு சம்பளம் வந்துகொண்டிருக்கும். மனைவி பல மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணத்திலேயே முதுகலை தொடங்கலாம். படிப்பு நடக்கும்போதே ஒரு கட்டத்தில் எஃப்-1க்கு மாறிக்கொண்டால், படிப்பு முடிந்ததும் ஓபிடியில் அவரும் வேலைக்குப் போகலாம். அதற்கு முழுநேர மாணவராக ஒரு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும்; ஒப்புதல் வரக் காலம் ஆகும் என்பதால் மாற்றத்தைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனி நிலை இருந்தால், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்றைப் பற்றிக்கொண்டு குடும்பம் இங்கே இருக்க முடியும்.

குழந்தையை யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே குழந்தைகள் காப்பகத்துக்கு ஆகும் செலவு சில ஊர்களில் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு ஈடாக வந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா வந்து ஆறு மாதம் இருந்தார். பிறகு மாமியார் வந்தார். வேலைக்கு வந்தவர்கள்போல ஒருவர் போக ஒருவர் வந்ததைச் சொல்லி இன்றும் சிரிப்போம். வருகையாளர் விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், அம்மாவை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள் அண்ணா.


தடப்பள்ளி வாய்க்கால் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மனைவி எம்எஸ்சி கணிதம் படித்தவர். உடுமலைத் தங்கை எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு ஆண்டாக இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். பட்டாவையும் அப்பாவிடம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பெரியவர் காலிங்கராயன் கரை சொன்னபடியேதான் இருக்கிறது. மூன்று பெயர், கிணறு பொது. அடமானப் பேச்சை அத்துடன் நிறுத்திவிட்டோம்.

வேறு நிறுவனங்களில் தேடத் தொடங்கிவிட்டேன். அது அமையாமல் எஃப்-1தான் என்று ஆனால் மட்டும் ஒரு சந்தேகம். வைகாசியில் தங்கையின் திருமணம் கோபியில் முடிவாகியிருக்கிறது. அண்ணன் என்ற முறையில் நான் இல்லாமல் சீர் நடக்காது. ஏப்ரலில் ஐ-539 கொடுத்துவிட்டு, மே மாதக் கடைசியில் வந்து திருமணத்தை முடித்துக்கொண்டு ஜூன் நடுவில் திரும்பிவிடலாமா?


நொய்யல்கரை எழுதியது:

கூடாது தம்பி. ஐ-539 நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். கட்டிய கட்டணமும் போகும். ஒப்புதல் வந்தபின் வெளியேறினாலும், கையில் இருப்பது நிலை மாற்றம்தானே தவிர விசா அல்ல. திரும்பி நுழைய எஃப்-1 விசா முத்திரை வேண்டும். ஆகவே எப்படியும் திருமணத்துக்கு வரப்போகிறீர்கள் என்றால் ஐ-539ஐ மறந்துவிட்டு நேரடியாகச் சென்னைத் துணைத் தூதரகத்திலேயே எஃப்-1 விசா வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் நேர்வழி.

அதற்குச் செய்ய வேண்டியவை: ஐ-20ஐ மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள். செவிஸ் கட்டணத்தைக் கட்டி, 185 டாலர் விசா கட்டணத்தையும் கட்டி, மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரத்துக்கு நேர்காணல் நாளைப் பிடியுங்கள். கோடையில் மாணவர் கூட்டம் மொய்க்கும் என்பதால் ஐ-20 கைக்கு வந்த அன்றே பதிவு செய்ய வேண்டும். மனைவியின் எஃப்-2க்கும் அவர் பெயரில் தனி ஐ-20 வேண்டும். மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் இருந்து சொல்கிறார்கள், அதையும் முன்பே செய்துவிடுங்கள். வகுப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் எஃப்-1இல் நுழைய முடியாது. எனவே ஜூன் நடுவில் திரும்பும் பேச்சே இல்லை, ஜூலைக் கடைசிவரை ஊரில்தான். டெக்சாஸ் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் காரையும் என்ன செய்வது என்பதை ஏப்ரலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேர்காணலில் நிச்சயம் வரும் கேள்வி, நான்கு ஆண்டு வேலை செய்தவர் இப்போது ஏன் மாணவராகிறீர்கள் என்பது. வேலை போய்விட்டது, அதனால் படிக்கிறேன் என்ற தொனி வந்தால் அங்கேயே முடிந்தது. இயந்திரவியல் படித்தவருக்குத் தரவு அறிவியல் எதற்கு, இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடங்கள், படித்தபின் கோவையில் எந்த வகை நிறுவனங்களில் அந்த வேலை இருக்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். நில ஆவணக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதிகாரி அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டுகள், வரிக் கணக்கு, எச்-1பி காலத்தில் நிலை தவறவில்லை என்பதைக் காட்டும் ஐ-797 ஒப்புதல்கள் ஆகியவற்றை மேலாக வையுங்கள்.

பொள்ளாச்சித் தம்பி சொன்ன எல்-1ஐயும் நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள். ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் அமர்த்தப்படும் எல்-1பிகாரருக்கு (சிறப்பறிவுள்ள ஊழியருக்கான எல்-1 வகை) 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. வாடிக்கையாளரின் மேற்பார்வையில் வேலை செய்யும் ஆளாக உங்களைக் காட்டவே முடியாது. உங்கள் நிறுவனத்தின் தொழிலே ஆள் அனுப்புவதுதான் என்றால், அது எளிதில் அமையாது.

திருமணத்துக்கு வருவதற்கு முன் வேறு நிறுவனத்தில் எச்-1பி மனு தாக்கலாகிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும்; கடவுச்சீட்டில் உள்ள எச்-1பி விசா முத்திரை எந்தத் தேதிவரை செல்லும் என்பதை அப்போது இங்கே எழுதுங்கள். முத்திரை உயிரோடு இருந்தால் புதிய ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நுழையலாம், தூதரகம் பக்கமே போக வேண்டாம்.